ஸ்கான் அறையில நான் வாய் மூடினால்

கொழும்பு வெள்ளவத்தையில கர்ப்பிணிகளுக்கு ஸ்கான் பாக்கிற டொக்டர் நான். நாள் முழுக்க இருட்டறையில இருந்து பிறக்காத பிள்ளையளோட மல்லுக்கட்டுறதுதான் எங்கட தொழில். என்னைப்போல அந்த அறைக்குள்ள கிடக்கிறவைக்கும், வெளியில தண்ணியைக் குடிச்சிட்டு முறை வருமட்டும் தவிச்சவைக்கும் நான் சொல்லுறது விளங்கும்.

கதை நிண்ட இடம்

ஸ்கான் பாக்கேக்க எனக்கு வாய் ஓயாது. "இது கை, இது கால், இஞ்ச பாருங்கோ விரல் சூப்புது" எண்டு கதைச்சுக்கொண்டேதான் அளப்பன். கொட்டாஞ்சேனையில இருந்து ஜூடித் ஐந்தாம் மாத ஸ்கானுக்கு வந்தவ. பிள்ளையின்ர மூளைக்குள்ள நீர் நிக்கிற இடத்தின்ர அகலம் பத்து மில்லிமீட்டருக்குள்ள இருக்க வேணும். பதினொண்டு காட்டிச்சு. திருப்பி அளந்தன், அதே பதினொண்டு. நான் சொல்லுறதுக்கு வசனம் தேடிக்கொண்டிருக்க, அவ முந்திட்டா: "டொக்டர், கதைக்கிறத நிப்பாட்டிட்டீங்க. பிள்ளைக்கு என்ன?"

நடை

ஒளிக்காமல் சொன்னன். சில பிள்ளையளுக்கு இதால ஒண்டும் ஆகாது, சிலருக்குப் பிரச்சினை வரலாம். மூளையின்ர ரெண்டு பாதியையும் இணைக்கிற பாலம் இருக்கோ எண்டு பாத்தால்தான் மேல கதைக்கலாம். பிள்ளையோ குப்புறக் கிடந்து பிடரியைக் காட்டுது. பாக்காமல் விடுறேல்லை எண்டு எனக்கும் பிடிவாதம். நடந்தால் பிள்ளை திரும்பும் எண்டு புருஷன் பெண்சாதி ரெண்டு பேரையும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரையில நடந்திட்டு வரச் சொன்னன். வந்து பாத்தால் அதே பிடரி. திரும்பவும் அனுப்பினன்.

மூண்டாம் தரம் வேர்க்க விறுவிறுக்க வந்து நிண்ட புருஷன், துறைமுகத்தில கிரேன் ஓட்டுறவர், சொன்னார்: "எத்தன கண்டெய்னரத் திருப்பியிருக்கேன் டொக்டர், சொந்தப் பிள்ளையத் திருப்ப ஏலாம இருக்கு."

நாலு கிழமையால

அண்டைக்கு நாலாம் நடைக்குப் பிறகுதான் பிள்ளை திரும்பிச்சுது. பாலம் முழுசாத் தெரிஞ்சுது. எண்டாலும் நீர் கூடுதோ எண்டு நாலு கிழமையால பாக்க வேணும். அதுவரைக்கும் எனக்கும் பயம்தான்.

நாலு கிழமை கழிச்சு ஜூடித் வந்து படுத்தா. இந்த முறை வாயை மூடுறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். அளக்க அளக்கச் சொன்னன்: "இது பதினொண்டு. திருப்பி அளக்கிறன், பதினொண்டுதான். கூடேல்லை, குறையவும் இல்லை. பிறந்த பிறகும் பிள்ளையைக் கவனமாப் பாக்க வேணும்."

அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பி இருந்தா. "கூடலத்தானே டொக்டர்? மிச்சத்த நான் பெத்து வளர்த்துப் பாத்துக்கிறேன்."

மெஷினைப் பழக எனக்கு ரெண்டு வருஷம் போதுமாயிருந்தது. கெட்டதையும் வாய் மூடாமல் சொல்லப் பழக்கிறதுக்குக் கொட்டாஞ்சேனையில இருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது.