பத்தாவது போல்ட்

அக்டோபர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு பத்து. இரவெல்லாம் பெய்த தூறல் விட்டிருந்தது. எதிர்மலை பாதிதான் தெரிந்தது. காரின் பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்திருந்தது. முந்தின ஞாயிறு ஒன்றே கால் லிட்டர். நான் எதையும் எண்ணிக் குறித்து வைக்கிறவன்.

ஓஸ் பைப்பை மாற்றினால் போதும், அரைமணி நேர வேலை என்றுதான் ஆரம்பித்தேன். கிளாம்பின் திருகு அசையவில்லை. கொஞ்சம் அழுத்தியதில் ஓஸ் மாட்டியிருந்த அலுமினிய முழங்கை ரஸ்க் போலப் பொடிந்து கையோடு வந்துவிட்டது. சரி போகட்டும் என்று ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால், அதில் டீ நுரை. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியென்றால் இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது. ஹெட்டையே கழற்ற வேண்டும்.

வேறொருவராக இருந்தால் உட்கார்ந்துவிட்டிருப்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த ஹெட்டில் ஒரு போல்ட் குறைவு என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்க ஆள் இல்லாததால் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இப்போது சாட்சி கிடைத்துவிட்டது.

துருப்பிடித்த திருகுகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். அந்த வாடை வந்ததும் நினைப்பு கூட்டுறவுச் சங்கத்தின் புளிக் கிடங்குக்குப் போய்விட்டது. அங்கே மூட்டை எண்ணுவதுதான் என் உத்தியோகம், இருபத்தேழு வருஷம். ஏற்றும்போது ஒரு முறை, தார்ப்பாய் கட்டும்முன் ஒரு முறை. கிடங்கு லாரியைப் பழுதுபார்க்கச் சந்தவாசலிலிருந்து ஏகாம்பரம் என்று ஒரு மெக்கானிக் வருவார். என்னைப் பார்த்த முதல் நாளே, "இன்னா சார், தூங்கறப்ப மூச்சையும் எண்ணுவீங்களா?" என்றார். அன்றிலிருந்து சிநேகம்.

நான் ஓய்வு பெற்ற பிறகும், என் மனைவி இறந்த பிறகும், மாதம் இரண்டு ஞாயிறு மொபெட்டில் மலையேறி வருவார். காரைப் பார்க்க வருவதாகப் பெயர். காரைப் பத்து நிமிஷம் பார்ப்பார். மீதி நேரம் டீயும் ஊர்க்கதையும். கடைசி வளைவில் அந்த மொபெட் திணறும் சத்தம் கேட்டால் நான் அடுப்பில் பால் வைப்பேன்.

அப்படி ஒரு ஞாயிறு, வால்வு சரியில்லை என்று ஹெட்டைக் கழற்றினார். போல்ட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போடப்போட நான் எண்ணினேன். பத்து. வேலை முடிந்து ஹெட்டின் மேல்மூடியும் போட்டாகிவிட்டது. டப்பாவில் ஒன்று கிடந்தது.

"ஒண்ணு மிச்சம் இருக்கே?"

"கெடக்கட்டும் சார். வண்டிய எடுத்துப் பாருங்க."

"பத்து கழட்டினீங்க. ஒன்பதுதான் உள்ள போயிருக்கு."

"பத்தும் கீது சார். நானு இன்னா பண்ணன்னா..."

"நான் எண்ணினேன். என்னை ஏமாத்தப் பாக்காதீங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். வேஸ்ட் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "சரி சார். எண்ணிட்டீங்க" என்றார். பால் பொங்கிக்கொண்டிருந்தது. "டீ வாணாம் சார், வூட்டுக்குப் போவணும்." கூலியும் வாங்கவில்லை. அவருடைய பதினாறாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று என் வீட்டிலேயே தங்கிவிட்டது. இந்தக் காரில் பதினாறுக்கு வேலையே கிடையாது. அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று யோசித்ததுண்டு. அதற்கப்புறம் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்த மூடியில் இருப்பது மூன்றே நட்டு. திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எண்ணியாகிவிட்டதே, எதற்குப் பார்க்க வேண்டும்?

இப்போது திறந்தேன். பத்து போல்ட் இருந்தது. மறுபடி எண்ணினேன். பத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒன்பதைப் பதினேழாம் நம்பரால் கழற்றினேன். பத்தாவதில் பதினேழு பிடிக்காமல் சும்மா சுற்றியது. கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய் அந்தப் பதினாறை எடுத்துவந்து வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது.

பிஸ்கட் டப்பாவிலேயே கிடந்த அந்த மிச்சப் போல்ட்டைப் புளித்தண்ணீரில் கழுவிப் பார்த்தேன். அடிப்பக்கம் மரை முழுக்கத் தேய்ந்திருந்தது. அது பிடிக்காது என்று தன் பையிலிருந்து ஒன்றைப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

கேஸ்கெட் போயிருந்ததும் அந்தப் பக்கமில்லை, எதிர்முனையில். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் செம்மண் குழம்பு போலத் துரு. "ஓடத்தண்ணி ஊத்தாதீங்க சார், உள்ள அரிச்சிடும்" என்று அவர் சொல்லாத ஞாயிறு இல்லை. ரேடியேட்டருக்கான கூலண்ட் வாங்காமல் ஓடைத் தண்ணீரையே ஊற்றி மிச்சம் பிடித்தவன் நான்.

ஹெட்டைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் போளூர் லேத்துக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, உங்கள விட வெயிட்டா கீது. லக்கேஜு எடுங்க." எடுத்தேன்.

நான்கு ஞாயிறு ஆனது. பத்தாவது போல்ட்டைக் கடைசியாக, அவருடைய ஸ்பேனரால் இறுக்கினேன். ஏகாம்பரத்தின் பழைய நம்பருக்கு அடித்ததில் வேறு யாரோ எடுத்தார்கள். ஆகவே கார் கிளம்பியதும் நேரே சந்தவாசல் போனேன். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. கடைக்காரப் பெண்ணிடம் விசாரித்தேன்.

"மெக்கானிக்கு தாத்தாவா? கண்ணு தெரியலன்னு அவுரு பொண்ணு இட்டுக்கினு போயி நாலு வருசம் ஆவுதுங்க."

"எந்த ஊருக்கும்மா?"

"தெரியலீங்களே. இன்னா விசயம்?"

"அவரோட ஸ்பேனர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்றேன்.

"அவ்ளோதானா! நீங்களே வெச்சிக்கோங்க" என்று சிரித்தாள்.

திரும்பும்போது கார் சூடேறாமல் மலையேறியது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அருவி பார்க்க வருகிறவர்களின் பைக்குகள் அந்தக் கடைசி வளைவில் ஏறுகின்றன. போன ஞாயிறு நாற்பத்து மூன்று எண்ணினேன். ஒன்றுகூடத் திணறவில்லை.

கேஸ்கெட், ஆயில், ஓஸ், முழங்கை, கூலண்ட், லேத் கூலி, எனக்குப் பஸ் டிக்கெட், ஹெட்டுக்கு லக்கேஜ், எல்லாம் சேர்த்து நான்காயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய். பத்தாவது போல்ட்டின் விலை இதில் சேரவில்லை.