சும்மா நின்றதற்குச் சம்பளம்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்ட மிசின் வந்த பிறகு எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. கொழுந்து எடுப்பவளைப் போல நிற்கிற வேலை.

அதற்கு முன்பு நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் கையால், அப்புறம் பை கட்டிய கத்தரியால். பிறகுதான் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கிற மிசின் வந்தது. பெண்கள் ஒரு கூட்டமே சேர்ந்து நாள் முழுக்க எடுக்கிற சரிவை அது காலைப் பசியாறலுக்குள் மொட்டையடித்துவிடும். மருந்தடிக்க டிரோன் வந்தது. எங்களுக்குச் சால்வை போட்டு, கேக் வெட்டி, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து என்னையும் பக்கத்து வீட்டு அக்காவையும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஈப்போவிலிருந்து வந்த தமிழர். என் மகனைவிடச் சின்னவர். இருந்தாலும் துரை என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்த வார்த்தை மட்டும் நாற்காலியை விட்டுப் போகவில்லை.

"ஆன்ட்டி, வர்ற டூரிஸ்ட் எல்லாம் கொழுந்து எடுக்குற ஆளுங்க எங்கன்னு கேக்குறாங்க. மிசினப் போட்டோ எடுக்க யாருக்கும் ஆசையில்ல. நீங்க ரெண்டு பேரும் டீக்கடைக்குக் கீழ இருக்குற செடிகிட்ட கூடைய மாட்டிக்கிட்டு நிக்கணும்."

"கொழுந்து எடுக்கணுமா துரை?" என்று அக்கா கேட்டார்.

"எடுக்க வேணாம்லா. எடுக்குற மாதிரி."

நிஜமாக வேலை செய்த காலத்தில் நான் போட்டது வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையும் ரப்பர் பூட்சும். இப்போது பூப்போட்ட சேலை தந்தார்கள். பழைய சட்டை போட்டோவில் ஏழ்மையாகத் தெரிகிறதாம். கூடையில் போட்ட கொழுந்து மத்தியானத்துக்குள் வாடிவிடுகிறது என்று பிளாஸ்டிக் இலை வாங்கி நிரப்பினார்கள். கனக்கிறதா என்று யாராவது பரிதாபமாகக் கேட்டால் அக்கா உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். கூடைக்குள் பிளாஸ்டிக் இலைக்கு அடியில் அவருடைய கைப்பேசியும் தண்ணீர் போத்தலும் இருக்கும்.

அந்தச் சமயத்தில் ரிங்லெட் டவுன் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கோலாலம்பூரில் படித்த ஒரு பெண் வந்து பேசினார்.

"மிசின் நம்ம வேலைய எடுத்துக்குது. வேலை இருக்கோ இல்லையோ, பணக்காரனோ ஏழையோ, எல்லாருக்கும் மாசாமாசம் அரசாங்கம் ஒரு தொகை குடுக்கணும். வயித்துப்பாட்டுக்கு. ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது."

கோயில் தலைவர் எழுந்தார். டவுனில் ஒரு வரிசைக் கடை முழுக்க அவருடையது.

"சும்மா காசு குடுத்தா மனுசன் சோம்பேறியாயிடுவான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே டவுனில் அவருக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்து எழுந்தது அக்கா. "தலைவர் சொல்றது சரி. உழைக்காத காசு எனக்கு வேணாம். நாள் பூரா நின்னு சம்பாதிக்கிறேன். அது போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்துகொண்டு தட்டாமல் இருக்க முடியுமா, நானும் தட்டினேன். வேனில் திரும்பும்போதுதான் கேட்டேன்.

"அக்கா, நாம அப்படி என்ன உழைக்கிறோம்?"

"நிக்கிறோம்ல. கால் வலிக்குதுல்ல."

"செடியும்தான் நிக்குது."

"போ புள்ள" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அந்தச் சோம்பேறிப் பேச்சு மனத்திலிருந்து இறங்கவில்லை. இந்தச் செடிகளை நட்டது எங்கள் தாத்தாமார். காட்டை வெட்டி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து நட்டார்கள். செடி இன்றைக்கும் துளிர்க்கிறது. அதில் வருகிற லாபத்தை எஸ்டேட்டில் பங்கு வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே வாங்கிக்கொள்கிறார்கள். அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். அவர்கள் சோம்பேறியாகிவிடுவார்களே என்று எந்த மண்டபத்திலும் யாரும் எழுந்து கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த நோய் எங்களைப் போன்ற லைன் வீட்டுக்காரர்களை மட்டும்தான் பிடிக்கும் போலிருக்கிறது. மிசின் மிச்சப்படுத்திய கூலி எங்கே போனது என்றும் யாரும் கேட்கவில்லை. அதில் ஒரு பங்கு எங்கள் கைக்கு வந்தால் அது எப்படி இனாமாகும்? நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்தானே.

பள்ளி விடுமுறை முடிந்த வாரம் நாங்கள் போனபோது, வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு பலகை நின்றது. பூப்போட்ட சேலை கட்டி, கூடை மாட்டிய பெண்ணை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. டூரிஸ்ட் பின்னால் போய் முகத்தை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

மேனேஜருக்கு எங்களைப் பார்க்கச் சங்கடம். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இது மழையிலயும் நிக்கும்."

சும்மா நிற்கிற வேலைக்குக்கூட எங்களைவிடக் கெட்டிக்காரி வந்துவிட்டாள். இந்தத் தடவை கேக் இல்லை.

அக்கா பலகைக்குப் பின்னால் போய் ஓட்டையில் முகத்தை வைத்து, "ஒரு படம் எடு" என்றார். எடுத்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் கியா பார்ம் ஊரில் ஒரு கடைக்கு ஸ்ட்ராபெரி பொட்டலம் கட்டப் போய்விட்டேன். அக்காவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. முட்டிவலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது காலை நீட்டி, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, மாசாமாசம் காசுன்னு ஒரு பொண்ணு பேசுச்சே, அது மறுபடி வருமா?"

"நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களே."

"அப்ப வேலை இருந்துச்சு."

எது வேலை என்று கேட்க வாயெடுத்தேன். முட்டியைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். "குடுத்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஈப்போ போயி டாக்டர்கிட்ட முட்டியக் காட்டுவேன். அப்புறம் விடியுற வரைக்கும் இல்ல, விடிஞ்ச பொறகும் தூங்குவேன்."

"சோம்பேறியாயிடுவீங்க."

"ஆமா" என்றார் அக்கா, எண்ணெய்ப் போத்தலை மூடியபடி. "அது எப்படித்தான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துறலாம்லா."