அரிசி மிஷினுக்கு ஒரு ஜோடி கண்மலர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. பேனாவை எடுப்பேன், அம்மன் முகம் நினைவுக்கு வரும், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு நின்ற படிப்பு வேறு. இருக்கட்டும்.

குடவாசல் பக்கம் ஒரு ரைஸ்மில். நாங்கள் பயிரிட்ட குத்தகை நிலம் வழக்கில் மாட்டிக்கொண்டதால் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஒன்பது பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல்லும் கறுப்பும் பொறுக்குவோம். கையைவிட வாய்தான் அதிகம் ஓடும்.

ஒரு நாள் கேமரா வைத்த மிஷின் வந்து இறங்கியது. அரிசி அருவி மாதிரி கொட்டும்; கறுப்பைக் கண்டால் காற்றடித்துத் தள்ளிவிடும்.

"கவர்மெண்டு குடுத்த கலர் டிவியாவது பாட்டுப் பாடுது. இது நம்ம சோத்தையில்ல ஊதித் தள்ளுது!" என்றாள் என் பக்கத்து முறத்துக்காரி.

"மாசக் கடைசி வரைக்கும் வாங்க. அப்புறம் ரெண்டு பேர் போதும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் நின்று, "தாயே, அந்த மிஷின் கண்ணை அவிச்சுடு. மாவிளக்குப் போடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டினேன்.

நாலாம் நாள் மிஷின் நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ள ஆரம்பித்தது. மெக்கானிக் கோயம்புத்தூரிலிருந்து வர மூன்று நாள் ஆகுமாம். எங்கள் முறங்களுக்குத் திடீர் மவுசு. என் வேண்டுதலை அவர்களிடம் சொன்னேன்; "மாரியம்மா நம்ம கட்சிடி!" என்று ஒரே கும்மாளம்.

கண்ணில் கோளாறு என்றால் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவது எங்கள் வழக்கம். மறுநாள் முதலாளியின் மனைவி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு என்னையே துணைக்குக் கூப்பிட்டார். "நீ கோயிலுக்குத் தவறாமப் போறவ, நீ வேண்டினா பலிக்கும், வாம்மா."

"மிஷினுக்காங்க?"

"அதுக்கும் கண்ணுதானே போச்சு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனேன். சன்னதியில் அது தானே அடங்கிவிட்டது. அன்று காலை மில்லைக் கூட்டும்போதே, அந்தக் கேமராக் கண்ணாடியில் உமித்தூசி அப்பியிருந்ததைப் பார்த்திருந்தேன். சொன்னால் எங்கள் பிழைப்பு போகும். சொல்லாமல் அம்மன் எதிரே கைகூப்பவும் முடியவில்லை.

"அம்மா, கண்ணாடில தூசிங்க. துணியால துடைச்சாப் போதும்."

"இத இங்க வந்துதானா சொல்லுவே?" என்றார், கண்மலரைத் தட்டில் வைத்தபடியே.

துடைத்தார்கள், ஓடியது. தினமும் தூசி துடைக்க என்னை வைத்துக்கொண்டார்கள். மூட்டை தைக்க இன்னொருத்தி. மற்ற ஏழு பேரில் சிலர் நடவுக்குப் போனார்கள், இருவர் திருப்பூருக்கு ரயிலேறினார்கள். கேட்டது ஒரு நாளாவது கிடைத்ததே என்று நான் மாவிளக்கும் போட்டேன்.

பக்கத்து முறத்துக்காரி மூன்று பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவளே வந்து, "நீ சொல்லாட்டியும் மெக்கானிக் வந்து துடைச்சிருப்பான்டி. ஆனா அவன் வர்ற வரைக்கும் அந்த மூணு நாள் எங்களுதா இருந்திருக்கும்" என்றாள்.

இதை யாருக்காவது சொல்வீர்களானால் உள்ளபடியே சொல்லுங்கள். அம்மன் அற்புதம் செய்தாள் என்று கூட்ட வேண்டாம், நான் நேர்மைக்காரி என்று ஏற்றவும் வேண்டாம். ஏழு பேர் வீட்டுக்குப் போனதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.