ஒற்றைக் கப்பலுக்கு ஒரு துறைமுகம்

தென்காசியில் போர்டு கேம் தயாரிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ரூல் சந்தேகத்துக்குப் போனில் பதில் சொல்வது என் வேலை. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "போன் பண்ணுதவங்க எந்தப் பக்கம் ஆடுதாங்கன்னு கேக்கவே கூடாதும்மா. கேட்டா மனசு சாஞ்சிரும்." புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நானும் அதையே சொல்கிறேன். ஆனால் கேட்காமலே சொல்லிவிடுகிறவர்களை என்ன செய்வது?

எங்கள் கடற்போர் விளையாட்டில் பின்வாங்கும் ரூலுக்குத்தான் போன் அதிகம். போன சீசனில், குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்த நேரம், கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். கணவர் துபாயில். அங்கே ஒரு போர்டு, இங்கே ஒரு போர்டு வைத்து வீடியோ காலில் ஆடுகிறார்களாம்.

"அக்கா, மச்சானுக்கு ஒத்தக் கப்பல்தான் மிச்சம். சுத்தி எல்லாக் கடல் கட்டத்துலயும் என் கப்பல் நிக்கி. இனி பின்வாங்க முடியாதுல்லா?"

"பக்கத்துல அவரு துறைமுகம் இருக்கா?"

"இருக்கு. தோத்தா சீசனுக்கு லீவு போட்டு வாரேன்னு பந்தயம் கட்டியிருக்காகக்கா. நேர்ல பாத்து ரெண்டு வருஷமாச்சு."

எதிரிக் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே இருந்தால்தான் வழி அடைபடும். வெளியே எத்தனை நின்றாலும் உள்ளே போய்விடலாம். போய்விட்டால் ஆட்டம் டிரா. அவர் வரமாட்டார்.

ஜன்னலுக்கு வெளியே சாரல். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அவரும் இந்தச் சாரலைப் பார்த்து நாளாகிறது. முடியாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"துறைமுகத்துக்குள்ள போகலாம்மா. ரூல் அப்படித்தான்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் துபாயிலிருந்து அவள் கணவரே பேசினார்.

"அக்கா, துறைமுகத்துக்குள்ள நான் கட்டாயம் போயாவணுமா?"

"கட்டாயம் இல்ல தம்பி. அங்கனயே நின்னும் சண்டை போடலாம். ஆனா அடுத்த ரவுண்டுல கப்பல் போயிரும்."

"போகட்டும்க்கா. கட்டாயம் இல்லங்கிறத அவகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா, விட்டுக்குடுத்து ஜெயிக்க வச்சீகளான்னு சண்டைக்கு வருவா."

கடையநல்லூருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டைஸ உருட்டப் போறேங்க்கா" என்றாள் அவள்.

அதிலிருந்து யார் ரூல் கேட்டாலும், என்ன செய்யலாம் என்பதோடு அதைச் செய்யாமலும் இருக்கலாம் என்று சேர்த்தே சொல்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

அந்த வாரமே, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பிய அச்சன்புதூர்க்காரர் ஒருவரிடம், அல்வாவோடு ஒரு போர்டு கேம் பெட்டியையும் கொடுத்தனுப்பினேன். என் வீட்டுக்காரருக்கு ஆடத் தெரியாது. நான்தான் போனில் சொல்லிக்கொடுக்கிறேன். பந்தயம் என்னவென்று மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டேன்.