குழிக்குச் சேராத பைப்பு

பெரியவளே, சின்னவனே, அன்று நீங்கள் இருவரும் பக்கத்தில்தான் நின்றீர்கள். நடந்தது முழுவதும் உங்களுக்குப் புரிந்திருக்காது.

நம் வீடு அரசாங்க உதவியில் கட்டுகிற வீடு. ஓவர்சியர் அம்மா பார்த்துச் சரி என்றால்தான் குடிபோக முடியும். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சாவிட்டால் ஆவணி வரை தகரக் கொட்டகைதான். கடத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்த அவர், பூச்சு பாதியில் நின்றதையோ தரை போடாததையோ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேராகப் பின்பக்கம் போய் கக்கூஸ் கதவைத் திறந்தார். பீங்கான் புதுசாக மின்னியது.

"ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க, பாப்போம்."

"பால் காய்ச்சறதுக்கு முன்னாடி இத பொழங்கக் கூடாதுங்க மேடம். எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம்," என்றேன் நான்.

"கக்கூஸுக்குமா நல்ல நேரம் பாக்கறீங்க?" என்று சிரித்தார். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பெரியவளே, நீ ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினாய். தண்ணீர் இறங்கவில்லை. மேலே ஏறி, வழிந்து, அவர் செருப்பை நனைத்தது. அவர் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். பைப்பு ஒரு ஜாண் நீளத்தோடு நின்றிருந்தது. அதன் வாயில் நான் சாக்கைத் திணித்திருந்தேன். குழி அந்தப் பக்கம் சும்மா கிடந்தது. அந்த வேலையை நிறுத்திவிட்டுத்தான் மேஸ்திரியை வாசலுக்கு வளைவு கட்டச் சொல்லியிருந்தேன். தெருவில் போகிறவர்கள் பார்ப்பது வாசலைத்தானே என்று நினைத்தேன்.

"அப்ப நீ எங்க பாப்பா போற?" என்று உன்னைக் கேட்டார்.

"இருட்டினதும் அம்மாகூட குச்சிக்கெழங்கு காட்டுக்குப் போவேங்க. பால் காய்ச்சிட்டா இங்கயே போலாம்னு அப்பா சொல்லியிருக்காருங்க."

எனக்குப் பரிந்துதான் பேசினாய். நான் கீழே வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பைப்ப சேத்துட்டு சொல்லியனுப்புங்க," என்று அவர், வீடு முடிந்ததற்கு எடுக்க வேண்டிய போட்டோவை எடுக்காமலே கிளம்பிவிட்டார். அவர் மறுபடி வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஆனால் அவர் வந்துபோன மறுநாளே பைப்பைக் குழியோடு சேர்த்துவிட்டோம். அரை நாள்கூட ஆகவில்லை. "இனிமே இங்கயே போ கண்ணு," என்றேன்.

"இன்னும் பால் காய்ச்சலயேப்பா," என்றாய்.

அப்படி ஒரு வழக்கமே கிடையாது மகளே. நான் இட்டுக்கட்டிச் சொன்னது. அன்று உன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.