சொற்களைச் சொன்னவள்

ரொறன்ரோவில் ஒரு துறவற சபையின் ஆவணக் காப்பகத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். பழைய மிஷன் பதிவேடுகளை ஸ்கான் செய்து, கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. பிரெஞ்சு இங்கே வந்து படித்தது. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்ததால் ஞானஸ்நானப் பதிவின் ஒழுங்கு மட்டும் முன்பே பழக்கம்.

ஒரு மாசி மாதம் ஒஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெண் ஒருவர் வடக்கிலிருந்து பஸ்ஸில் வந்தார். என்னைப்போல அறுபதை நெருங்கியவர். தன் பூட்டனைப் பெற்றவளின் பெயர் வேண்டும் என்றார். வீட்டில் எவருக்கும் தெரியாதாம். மிஷன் பாடசாலைக்குக் கொண்டுபோன பிள்ளைகளிடம் சொந்த மொழியையே விட்டுவைக்கவில்லை, பெயர் எப்படி மிஞ்சும் என்று அமைதியாகவே சொன்னார்.

பூட்டனின் ஞானஸ்நானப் பதிவை அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்குக் குருவானவர் வைத்த புனிதரின் பெயர் இருந்தது. தகப்பன் மிருகங்களின் உரோமத்தோல் வாங்கி விற்கும் கம்பனியில் வள்ளம் வலித்தவர் என்று அவருடைய பெயரும் இருந்தது. தாய்க்கு நேரே, 'அஞ்ஞானப் பெண்' என்று இரண்டே சொல்; கிறிஸ்தவ வேதத்துக்கு வராதவள் என்று அர்த்தம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் குருவானவர் எழுதிய மற்றக் கொப்பிகளையும் வேலையோடு வேலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் கிழமை, அவர் அந்த மொழியைப் படிப்பதற்காக எழுதிய சொற்பட்டியல் கையில் வந்தது. பனிக்கட்டியின் வகைகள், மீனின் உறுப்புகள், வலை கட்டும் சொற்கள் என்று நாற்பது பக்கம். கடைசிப் பக்க ஓரத்தில், இவற்றைச் சொன்னவள் இன்ன வள்ளக்காரனின் மனைவி என்று எழுதி, அவள் பெயரையும் எழுதியிருந்தார். அதே வள்ளக்காரன், அதே வருடம். தனக்கு மொழி படிப்பித்தவளின் பெயர் தெரிந்திருந்தும் பதிவேட்டில் அதை எழுத மனிதருக்குக் கை வரவில்லை.

பதிவோடு இந்தப் பெயரையும் ஒரு குறிப்பாகச் சேர்க்கவேண்டும் என்று காப்பகப் பொறுப்பாளரிடம் கேட்டேன். வள்ளக்காரனுக்கு வேறு மனைவியும் இருந்திருக்கலாம், நிச்சயமில்லாததைச் சேர்க்க முடியாது என்றார் அவர். அன்று மோர்னிங்சைட் வீதியில் உள்ள எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் இதைச் சொன்னேன்.

"உமக்கேன் உந்தச் சோலி? ஸ்கான் பண்ணிப்போட்டு வாறதுதானே," என்றார்.

"எங்கட ஆக்களுக்கும் வேதத்துக்கு வர முதல் ஒரு பெயர் இருந்திருக்கும். உங்கட பூட்டன்ர தாய்க்கு என்ன பெயர், தெரியுமோ?"

"தெரியாது," என்றார் அவர். பிறகு, பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுக்கச் சொன்னார்.

கொடுத்தேன். இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே எழுதினேன். சித்திரையில் அனுமதி கிடைத்தது: 'தாய் இவராக இருக்கக்கூடும்' என்று ஒரு வரி, சொற்பட்டியலின் எண்ணோடு.

அன்றே அந்தப் பெண்ணுக்கு ரெலிபோன் எடுத்து, பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மறுபக்கத்தில் அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. குருவானவர் பிழையாக எழுதியிருக்கிறார், சின்ன வயதில் தன் காதில் விழுந்த பேச்சின்படி நடுவில் ஓர் எழுத்து நீள வேண்டும் என்றார். தன் சித்திக்கு இன்னும் மொழி தெரியும், அவவைக் கேட்டு உறுதிப்படுத்துவதாகவும் சொன்னார்.

"நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ," என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். இரண்டு முறை திருத்தினார். மூன்றாம் முறை சரி என்றார்.

ஆடியில் சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த நாற்பது பக்கச் சொற்பட்டியலையும் இருவரும் பிற்பகல் முழுக்க இருந்து வாசித்தார்கள்.