முதல் பாகத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். மதியம் சாப்பிட்டதும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து, சின்ன வயதில் விளையாடிய அதே வீடியோ கேமை விளையாடுவோம். பள்ளம் தாண்டு, காசு பொறுக்கு, எதிரி தலையில் மிதி. அவ்வளவுதான் கேம். அதில் எத்தனையோ பாகங்கள் வந்துவிட்டன. எங்களுக்கு எல்லாமே அத்துப்படி.

தம்பிக்குக் கல்யாணமாகிவிட்டது. அவன் மனைவி வேலைக்காக மதுரையிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்தவள். நல்ல பெண். அதுதான் எரிச்சல், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. போன ஞாயிறு சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றா சொல்ல முடியும்? கீழே கடையில் நான் ஆசையாக வாங்கிப்போன, உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப்பை அவள் பக்கமாகவே நகர்த்தி வைத்தான் தம்பி. அதையும் பார்த்தேன்.

"அண்ணி, எனக்கும் இந்த கேம் கத்துக்கணும். எதுல ஆரம்பிக்கட்டும்?"

கேட்டது என்னை, புருஷனின் அக்காவை. முந்திக்கொண்டது அவன்.

"நாலாவது பாகம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடலாம். நீ விழுந்தா நான் தூக்கிக்குவேன்."

தூக்கிக்குவானாம்!

"முதல் பாகம்தான்," என்றேன். "நடுவுலேர்ந்து ஆரம்பிச்சா என்ன தெரியும்?"

"அக்கா, அது ரொம்பக் கஷ்டம் லா. புதுசா வர்றவங்க வெறுத்துடுவாங்க."

"நீ வெறுத்தியா?"

"வெறுத்தேனே!" அவளிடம் திரும்பினான். "அதுல ஒருத்தர் செத்தாதான் அடுத்தவருக்கு சான்ஸ். அக்காதான் எப்பவும் முதல் ஆளு. சாகவே மாட்டா. எப்படா விழுவான்னு சாமி கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நேற்று வந்தவளிடம் கொட்டுகிறான்.

"அப்ப நான் அண்ணியோட முதல் பாகமே ஆடறேன்," என்றாள்.

"என்னமோ பண்ணுங்க," என்று அவன் டீ போடப் போய்விட்டான்.

முதல் கண்ட்ரோலர் எனக்கு, இரண்டாவது அவளுக்கு. வெறியோடு விளையாடினேன். ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிக்கொண்டே போனேன். அவள் முகம் கோணாமல் காத்திருந்தாள். "சூப்பரா ஆடறீங்க அண்ணி," என்று வேறு சொன்னாள். திட்டினால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

"அவர் சின்ன வயசுல எப்படி இருப்பார், அண்ணி?"

எப்படி இருந்தால் உனக்கென்ன? இப்போதைய தம்பியைத்தான் எடுத்துக்கொண்டாயே, அந்தச் சின்னப் பையனையாவது எனக்கு விடக்கூடாதா? வாய்வரை வந்ததை விழுங்கினேன். அந்த நொடியில் விரல் தவறியது. கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளத்தில் விழுந்தேன்.

"அலாமாக்!" என்று கத்திவிட்டேன்.

அடுப்படியிலிருந்து டீ கரண்டியோடு ஓடிவந்தான் தம்பி.

"அக்கா செத்துட்டாளா!"

தீபாவளிக்குப் பட்டாசு கிடைத்த மாதிரி முகம். எங்கள் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த கண்ட்ரோலரை வெடுக்கென்று பிடுங்கினான்.

"தள்ளு, தள்ளு. அக்காவுக்கு அப்புறம் நான்தான்!"

"ஏங்க, அது என் சான்ஸ்."

அவன் காதில் விழவில்லை. "பாத்தியா அக்கா, பாத்தியா," என்று கத்தியபடி நான் விழுந்த பள்ளத்தைத் தாண்டினான். நானும் கத்தினேன்.

பிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பைக் காணோம். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கல்யாணத்திலிருந்து கண்ணாடியில் நான் பார்த்துவரும் முகம் அது.